டிஃப்ராக் கணினி

டிஃப்ராக் என்பது மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் வடிவமைத்து, அங்கேயே கட்டப்பட்ட இலக்கமுறைக் கணினி ஆகும்.

உருவாக்கம்

ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு சிறு குழு 1954-இல் பணியைத் தொடங்கியது. கணினி வடிவமைப்பு குழுவினருக்குப் புதிது. எனவே முதலில் சிறிய மாதிரிப் பொறி ஒன்றைக் கட்டினர். அது 1956-இல் இயங்கியது. அந்த அனுபவத்தைக் கொண்டு கட்டிய முழுக் கணினி 1960-இல் செயல்பாட்டுக்கு வந்தது. 1962-இல் ஜவகர்லால் நேரு அதற்கு டிஃப்ராக் எனப் பெயரிட்டார்.

அமைப்பு

இன்றைய கணினியில் செயலியையும் நினைவகத்தையும் இணைப்பது மதர்போர்டு. டிஃப்ராக்கில் அது கிடையாது. சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 மின்தடைகள் ஆகியவை பெரிய எஃகுச் சட்டத்தில் பொருத்தப்பட்டன. நினைவகம் ஃபெரைட் வளையங்களால் ஆனது. 40 பிட் கொண்ட 2,048 சொற்களைத் தாங்கியது. இது வெறும் 10 கிலோபைட்தான்.

மாணவர்களுக்கு

இசட்80 போன்ற பழைய 8 பிட் செயலியை வைத்து வீட்டிலேயே மதர்போர்டு அமைக்க விரும்புவோருக்கும் இம்முறை பொருந்தும். முதலில் செயலியையும் கடிகாரத் துடிப்புச் சுற்றையும் மட்டும் இணைத்து இயக்கிப் பார்க்க வேண்டும். அது சரியாக இயங்கிய பின் நினைவகம், அதன்பின் விசைப்பலகை, திரை எனச் சேர்க்கலாம். ஒவ்வொரு படியிலும் சோதித்தால், பிழை எங்கே என்பது உடனே தெரியும்.