குடியை நிறுத்த ஒரு கூட்டம்: வணிகர்கள் அறிய வேண்டியவை

ஜி.எஸ்.டி., லைசென்ஸ், தராசு முத்திரை என்று பேசிக்கொள்ளும் நாம் பேசத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. காலை ஆறு மணிக்குத் திறக்கும் கடை எட்டு மணிக்குத் திறக்கிறது. கல்லாவில் தினமும் நூறு, இருநூறு குறைகிறது. விருதுநகருக்குக் கொள்முதலுக்குப் போனவர் மறுநாள்தான் வீடு திரும்புகிறார். மொத்தக் கடையில் சரக்கு நிறுத்தப்பட்ட பிறகுதான் வீட்டாருக்கே முழு விவரம் தெரிகிறது. இப்படி ஒரு கடையையாவது நாம் பார்த்திருக்கிறோம்.

குடிக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கு டாக்டரிடம் போகிறவர் இதற்கு மட்டும் போவதில்லை. வெளியே தெரிந்தால் கடன் கிடைக்காது என்ற பயம்தான் காரணம். வியாபாரிக்கு நாணயம்தான் முதல். அந்தப் பயத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பயத்தை மனதில் வைத்தே அமைந்த கூட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளிகள். சுருக்கமாக ஏ.ஏ.

இதைத் தொடங்கியவரும் ஒரு வியாபார ஆள்தான். அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருந்த பில் வில்சன், 1935இல் அக்ரான் நகருக்குத் தொழில் விஷயமாகப் போனார். காரியம் கைகூடவில்லை. தங்கிய ஓட்டலில் ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிக்குப் போனார். தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவர். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் தேதியே ஏ.ஏ. பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது.

பணமும் பேரும் இருப்பவரை இந்த நோய் விட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். 1928இல் ஏஜென்சி வியாபாரமாகத் தொடங்கிய டி.டி.கே. நிறுவனத்தை அறியாத மளிகைக்காரர் இல்லை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் இளம் வயதிலேயே குடியால் இறந்தார். அவர் மனைவி திருமதி சாந்தி ரங்கநாதன் அதை மூடி மறைக்காமல், 1980இல் கணவர் பெயரிலேயே சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கினார். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். சங்கரன்கோவிலில் தெரிந்த முகம் எதிர்ப்படும் என்று கூச்சமா? திருநெல்வேலியிலோ மதுரையிலோ கொள்முதல் நாளை ஒட்டி ஒரு கூட்டத்துக்குப் போகலாம். வெளியூர்க்காரர் என்று யாரும் தடுக்க மாட்டார்கள். கடையை விட்டு நகர முடியாதவர்களுக்குக் கைப்பேசி வழியாக நடக்கும் கூட்டங்களும் உண்டு. 'ஓபன்' கூட்டம் என்றால் வீட்டாரும் வரலாம். 'குளோஸ்டு' என்றால் குடிநோயாளிகள் மட்டும். முதலில் போனில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

பள்ளி அறையிலோ மாதா கோயில் வளாகத்திலோ கூட்டம் நடக்கலாம். அதனால் மதக் கூட்டம் என்று நினைக்க வேண்டாம். தம்மைவிட மேலான சக்தி என்று சொல்வார்கள். அது எது என்பது அவரவர் விருப்பம். அரியும் அரனும் ஒரே உருவில் நிற்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே போனால் ரிஜிஸ்டரில் கையெழுத்து இல்லை, முகவரி கேட்பதில்லை, ஊர்ப்பெயர், கடைப்பெயர் எதுவும் வேண்டாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்வார்கள். முதல் நாள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். கட்டணமும் கிடையாது. கடைசியில் உறுப்பினர்கள் இஷ்டப்பட்டதைப் போடுவார்கள்; வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை. நம் சங்கமே கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்!

'ஆயுசுக்கும் தொட மாட்டேன்' என்று கோயிலில் சத்தியம் செய்து உடைத்தவர்கள் ஏராளம். ஏ.ஏ.யில் இன்று ஒரு நாள் மட்டும் குடிப்பதில்லை என்பதுதான் கணக்கு. நம் கடைகளில் 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று போர்டு மாட்டுகிறோம் அல்லவா? நாளைக்கு வருகிறவரும் அதே போர்டைத்தான் படிப்பார். சூட்சுமம் அதுவே. பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்து 2020இல் காக்ரேன் அமைப்பு அலசியது. முழுதாக நிறுத்தியிருப்பதில் ஏ.ஏ. வழிமுறை மற்றச் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது. இடையில் சறுக்கியவர்களும் உண்டு. அவர்களும் திரும்ப வந்து உட்காரலாம்.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகம் குடிப்பவர் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் அரசு மருத்துவமனை டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. 'அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்' என்று விற்கும் பொடிகளை வாங்கவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவரும் சொல்வதில்லை. டைசல்ஃபிரம் போன்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். குடிப்பவர் அறிந்து, டாக்டர் சொல்லித்தான் அதை எடுக்க வேண்டும்.

அவர் வர மறுத்தால்? பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் கூட்டத்தைத் தொடங்கினார். கடையையும் பிள்ளைகளையும் சேர்த்துச் சுமக்கும் மனைவியோ தாயாரோ அங்கே போகலாம். குடிப்பவர் நிறுத்தும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.