குண்டனி நாடு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை ஒன்றியம் பதினான்கு நாடுகளைக் கொண்டது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு என்று நீளும் இந்தப் பெயர்கள் பட்டக்காரரும் ஊர்க்கவுண்டரும் வழக்குத் தீர்த்த காலத்திலிருந்து வருபவை. இன்று அவை கிராம ஊராட்சிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒன்றியம் முழுவதிலும் சுமார் 40 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர்.

அரசின் திட்டப் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் மாவட்டத்துக்கும் ஒன்றியத்துக்கும்தான் எடுக்கப்படுகின்றன. பின்தங்கிய பகுதிகளுக்காக 2012-13இல் தொடங்கப்பட்ட மாநில சமச்சீர் வளர்ச்சி நிதியும் ஒன்றியத்தையே அலகாகக் கொண்டது. கொல்லிமலை ஒன்றியத்தில் இத்தனை பள்ளிகள், இத்தனை குழாய் இணைப்புகள், இத்தனை கிலோமீட்டர் தார்ச்சாலை என்று ஒரு கணக்கு வரும். அந்தக் கணக்கில் அலுவலகங்கள் இருக்கும் செம்மேட்டுக்குப் பக்கத்து வீடும் வரும், தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போகும் குக்கிராமத்து வீடும் வரும். இரண்டையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் எண், இரண்டு வீடுகளில் எதையும் காட்டாது. வட்டாட்சியர் அலுவலகம், மருத்துவமனை, பேருந்து நிலையம் எல்லாம் செம்மேட்டைச் சுற்றியே இருக்கும்போது, ஒரு குடும்பத்தின் வாழ்க்கைத் தரத்தை முடிவு செய்வது அவர்கள் வருமானம் மட்டுமல்ல, செம்மேட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையே உள்ள தூரமும்தான்.

இதே சிக்கல் பெருநகரத்திலும் இருக்கிறது. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 15 மண்டலங்கள், 200 வார்டுகள் உருவாயின. பெயர் ஒன்றானது, வசதி ஒன்றாகவில்லை. புதிதாகச் சேர்ந்த பகுதிகள் பலவற்றில் குழாய்க் குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். எண்ணூரிலும் மணலியிலும் ஆலைப்புகை, கொடுங்கையூரில் குப்பைமலை, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய் என்று நகரத்தின் சுமையை வடசென்னை தாங்கியது. 'சென்னையின் சராசரி' இதைச் சொல்லவே சொல்லாது. வடசென்னை மக்களும் மீனவர் அமைப்புகளும் பல காலம் தங்கள் பகுதியின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். 2023-24 நிதிநிலை அறிக்கையில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று தனியாக 1,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அந்தத் திட்டம் எவ்வளவு நிறைவேறியது என்று வாதிடலாம். ஆனால் பகுதியின் பெயரில் நிதி ஒதுக்க முடியும் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டுவிட்டது. குண்டனி நாட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

கேட்பதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது? முதலில் சாலையைப் பார்ப்போம்.

இமாச்சலப் பிரதேசத்து மலைக் கிராமம் ஒன்றின் மக்கள், பெரும்பாலும் ஏழைத் தலித் குடும்பங்கள், தங்கள் ஊருக்கான சாலைப் பணி பாதியில் நிற்கிறது என்று உயர் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதமே வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. இமாச்சல அரசு எதிர் உமேத் ராம் சர்மா என்ற அந்த வழக்கில் 1986இல் தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமைக்குள் வாழ்க்கையின் தரமும் அடங்கும், மலையில் வாழ்பவர்களுக்குச் சாலை கிடைப்பது வாழ்வே கிடைப்பதற்குச் சமம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். எந்தச் சாலையை எப்போது போடுவது என்பதில் அரசுக்குள்ள நிதி வரம்பையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே நாளைக்கே தார் போட வேண்டும் என்று இந்தத் தீர்ப்பை வைத்துக் கேட்க முடியாது. சாலை அரசின் தயவு அல்ல, குடிமக்களின் உரிமை என்று கேட்க முடியும். மனு எழுதும்போது இந்தத் தீர்ப்பின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிடுங்கள்.

சாலை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியில் அல்லேரி மலை இருக்கிறது. அங்கேயும் மலையாளி மக்கள்தான். 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே இறந்தது. உடற்கூறாய்வு முடிந்து திரும்பியபோது ஆம்புலன்ஸ் போக வழியில்லாமல் பாதியில் நின்றது. பிள்ளையின் உடலைத் தாய் கையில் ஏந்திக்கொண்டு மலைப்பாதையில் பல கிலோமீட்டர் நடந்தார். அந்தச் சாலை ஏன் இல்லை என்று நாடே கேட்டபோது வந்த பதிலில் வன நிலம் என்ற சொல் இருந்தது.

கொல்லிமலையிலும் இந்தச் சொல் அடிக்கடி காதில் விழும். 'அது ரிசர்வ் பாரஸ்ட், வனத்துறை அனுமதி வேண்டும், மத்திய அரசுக்குப் போக வேண்டும்' என்று சொல்லி மனுவைத் திருப்பிவிடுவார்கள். இது முழு உண்மை இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், குளம், சிறுபாசனக் கால்வாய், சாலை, சமுதாயக் கூடம் உட்பட 13 வகை அரசு வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை மாற்றித் தரலாம். வெட்டப்படும் மரங்கள் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அனுமதி தரும் அதிகாரம் மாவட்ட வன அலுவலரிடம் இருக்கிறது. இந்த வரம்புக்குள் இருக்கும் வேலைக்கு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. மாவட்ட வன அலுவலர் ஒப்புக்கொள்ளாவிட்டால், விஷயம் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும்.

இந்தப் பிரிவைப் பற்றி மலையில் யாரும் தெருமுனைக் கூட்டம் போட்டுச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஒரு கிராம சபைத் தீர்மானத்தில் தொடங்க வேண்டிய வேலையை, தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியாக வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

குடிநீருக்கு வருவோம். 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஒரு நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று சொல்கிறது. நகரங்களுக்கான மத்திய வழிகாட்டுதலில் இதே அளவு 135 லிட்டர். இந்த வேறுபாடே கேள்விக்குரியது. அதைவிட முக்கியம், குழாய் இணைப்பு இருக்கிறதா என்ற கணக்கும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்ற கணக்கும் வேறு வேறு. மலையில் ஊற்று வற்றும் கோடையில் குழாய் இருந்தும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தால், 'இணைப்பு வழங்கப்பட்டது' என்ற பதிலோடு மனு முடிந்துவிடக் கூடாது. எந்தெந்த மாதம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் தண்ணீர் வந்தது என்று ஊரிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெண்கள் எழுதினால் அந்தக் கணக்கு சரியாக இருக்கும், ஏனென்றால் குடம் அவர்கள் தலையில்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கும் தூரம் சட்டத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகள் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை உள்ள கடினமான நிலப்பகுதியில் இந்தத் தூரத்தை இன்னும் குறைக்க வேண்டும் என்றும், பள்ளி அமைக்க முடியாத சிற்றூர்க் குழந்தைகளுக்கு இலவச வாகனமோ விடுதி வசதியோ தர வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. பெண் பிள்ளையின் படிப்பு எட்டாம் வகுப்போடு நிற்பதற்குக் காட்டு வழியில் தனியாக அனுப்பப் பயம் என்பது பெரிய காரணம். படிப்பு நின்ற பிள்ளைக்குச் சிறு வயதிலேயே கல்யாணப் பேச்சு வந்துவிடும். அப்படி நடந்தால், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யாரும் இலவசமாக அழைத்துச் சொல்லலாம்.

மருத்துவத்தில் நிலைமை வேறு மாதிரி. இங்கே அரசின் அளவுகோல் தூரத்தைவிடத் தலையையே எண்ணுகிறது. மலைப்பகுதிகளில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நாட்டின் பொதுவான அளவுகோல். சமவெளியில் இது 5,000, 30,000. சலுகை போலத் தெரிந்தாலும், வீடுகள் மலைமடிப்புகளில் சிதறிக் கிடக்கும் இடத்தில் 3,000 பேரைச் சேர்க்க எத்தனை ஊரைச் சுற்ற வேண்டும்! ஆகவே நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்பதோடு, நிறைமாதத் தாய்மார்களைப் பிரசவத் தேதிக்கு முன்பே தங்கவைக்கும் ஏற்பாடு எங்கே, இரவில் செவிலியர் தங்குகிறாரா, பாம்புக்கடி மருந்து இருப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவம், மருந்து, பரிசோதனை, வீடு திரும்பும் வாகனம் அனைத்தும் 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி இலவசம். மழைக்காலத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் மண் சரிந்தால் இறங்கும் வழி அடைபடும். அந்த மாதங்களில் பிரசவத் தேதி உள்ள வீடுகளின் பட்டியல் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து நிலத்தில் இருக்கிறது. வசதி இல்லாத ஊரில் பணத்தேவை வரும்போது மிளகுத் தோட்டமும் காப்பித் தோட்டமும்தான் கைமாறும். வெற்றுத் தாளில் கையெழுத்து, வாய்மொழி ஒத்தி, பிறகு திரும்பாத நிலம். நிபந்தனைப் பட்டாவில் பழங்குடியினருக்கு ஒப்படைக்கப்பட்ட நிலத்தைப் பழங்குடி அல்லாதவருக்கு விற்க முடியாது. ஏமாற்றியோ மிரட்டியோ பழங்குடியினரின் நிலத்தைப் பறிப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். கையெழுத்துப் போடும் முன் பட்டாவின் நிபந்தனையைக் கிராம நிர்வாக அலுவலரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லைக் கோடு ஒரு மனிதனின் உரிமையை எப்படி மாற்றும் என்பதற்கு மலையாளி மக்களைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். பழைய சேலம், தருமபுரி, திருச்சி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை மாவட்டங்களில் அவர்கள் பழங்குடியினர். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள், அந்தப் பகுதி அந்நாளில் கோவை மாவட்டத்தில் இருந்ததால் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். குண்டனி நாட்டுப் பிள்ளைகளுக்கோ பழங்குடியினர் சான்றிதழ் பெறும் உரிமை இருக்கிறது. அதை வழங்க வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து ஒப்புகை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இனி, கேட்கும் வழி. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகவே பழங்குடிப் பகுதிக் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு பெசா சட்டம் கொல்லிமலைக்குப் பொருந்தாது. இது பெரிய இழப்பு. நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. ஆனால் தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூட வேண்டும். வன உரிமைச் சட்டப் பணிகளுக்கு, பல குக்கிராமங்கள் உள்ள ஊராட்சியில் அந்தந்தக் குக்கிராம அளவிலேயே சபை கூட்டலாம் என்று மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 2012இல் வழிகாட்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி அமையும் வன உரிமைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினரும் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும். உங்கள் நாட்டில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

சபைக்குப் போகும் முன் கையில் கணக்கு வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் என்றால் கட்டணமே இல்லாமல், கேட்கலாம். வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: கடந்த ஐந்து ஆண்டுகளில் சாலைக்கும் குடிநீருக்கும் பதினான்கு நாடுகளிலும் தனித்தனியாகச் செலவிடப்பட்ட தொகை எவ்வளவு? முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். 2024-25 நிதிநிலை அறிக்கையில் பழங்குடிக் குடியிருப்புகளுக்காக நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட 'தொல்குடி' திட்டத்தில் குண்டனி நாட்டுக் குடியிருப்புகள் சேர்க்கப்பட்டனவா என்பதையும் பழங்குடியினர் நலத்துறையிடம் இதே வழியில் கேளுங்கள்.

பேருந்து, மின்சாரம், குடிநீர், மருத்துவமனை போன்ற பொதுச் சேவைகளில் குறைபாடு இருந்தால் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தை அணுகலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சமரசம் ஏற்படாவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லும். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. முதல்வரின் முகவரித் துறைக்கு 1100. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். ஆனால் அதற்காக மலையிறங்கி நாமக்கல் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். ஊருக்கு இருவர் என்று முறைவைத்துப் போய், ஒரே மனுவில் எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுப்பது நல்லது.

அடுத்த கிராம சபைக்கு இன்றே ஒரு தீர்மானம் எழுதி வையுங்கள். அதில் குண்டனி நாடு என்று மட்டும் எழுதாமல் குக்கிராமத்தின் பெயர், அங்கிருந்து தார்ச்சாலைக்கும் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் உள்ள தூரம், வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் எழுதுங்கள். வழி வன நிலத்தில் போனால் வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2) என்று குறிப்பிடுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதை நேரில் பார்த்து, முத்திரையிட்ட நகலைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே எழுந்து வாருங்கள்.