புகழ் மண்டபமும் நாகர்கோவில் தந்த ஆட்டக்காரரும்

அமெரிக்க நாட்டில் நியூபோர்ட் என்னும் கடற்கரை நகரம் ஒன்று உண்டு. உலக டென்னிஸ் ஆட்டத்தில் சிறந்தோரைப் போற்றும் புகழ் மண்டபம் 1954-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பெற்றது. 2024-ஆம் ஆண்டில் லியாண்டர் பயஸும் விஜய் அமிர்தராஜும் அதில் இடம்பெற்றனர். ஆசிய ஆடவருள் அப்பேற்றை முதலில் எய்தியவர்கள் அவர்களே. அவ்விருவருக்கும் முன்னோடியான இராமநாதன் கிருஷ்ணனுக்கு அதுவரை அங்கே இடம் கிட்டவில்லை. அவர் அதற்குத் தகுதி உடையவர்தாமா? மாணவ நண்பர்களே, பற்றை ஒதுக்கிவிட்டு ஆராய்வோம்.

கிருஷ்ணன் 1937-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் நாகர்கோவிலில் பிறந்தார். தந்தையார் டி. கே. இராமநாதனே அவருக்கு ஆசான். 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆசியர் எவரும் அதற்குமுன் அதனை வென்றதில்லை.

அவருக்கு எதிராகக் கூறத்தக்கவை இரண்டு. ஒன்று, நான்கு பெரும் போட்டிகளுள் ஒன்றிலேனும் அவர் ஒற்றையர் பட்டம் பெறவில்லை. மற்றொன்று, 1968-க்கு முன்னர் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு விம்பிள்டனில் இடமில்லை. ஆதலின் அவர் ஆடிய களத்தில் அக்காலத்து வல்லவர் அனைவரும் இருந்தாரல்லர். இவ்விரண்டும் உண்மையே.

ஆயினும் அவர் யாரை வென்றார், யாரிடம் தோற்றார் என்பதையும் நோக்குதல் வேண்டும். 1959-இல் டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் ராட் லேவரை வீழ்த்தினார். 1961-இல் விம்பிள்டன் கால் இறுதியில் ராய் எமர்சனை ஒரு செட்டும் இழவாமல் வென்றார். 1960, 1961 ஆகிய ஈராண்டும் அங்கே அரையிறுதியில் தோற்றார். தோற்கடித்த நீல் ஃபிரேசரும் லேவரும் அவ்வவ்வாண்டில் பட்டத்தையே வென்றனர். இம்மூவரும் இன்று புகழ் மண்டபத்தில் இருப்பவர்கள். வலிமையால் அன்றி, பந்தை இடமறிந்து மென்மையாகச் செலுத்தும் நயத்தால் அவர்களுக்கு ஈடுகொடுத்தவர் கிருஷ்ணன்.

1966-ஆம் ஆண்டு நிகழ்ச்சி இன்னும் பெரிது. கல்கத்தாவில் பிரேசிலுடன் நடந்த டேவிஸ் கோப்பைப் போட்டியில் இரு நாடுகளும் இரண்டிரண்டு ஆட்டங்கள் வென்றிருந்தன. முடிவை உறுதிசெய்யும் ஐந்தாம் ஆட்டத்தில் தாமஸ் காக் இரண்டு செட்களுக்கு ஒன்று என முந்தி, நான்காம் செட்டிலும் 5-2 என்று முன்னணியில் நின்றார். தோல்வி வாயிலில் நின்ற வேளையில் கிருஷ்ணன் மீண்டெழுந்து வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றை அடைந்தது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. நமக்குக் கிடைத்த அந்த ஒரு வெற்றி, ஜெய்தீப் முகர்ஜியுடன் இணைந்து நியூகோம்ப், ரோச் இணையைக் கிருஷ்ணன் வென்ற இரட்டையர் ஆட்டமே.

ஒற்றையர் பெரும்பட்டம் இன்மை அம்மண்டபத்தின் கதவை அடைத்துவிடுவதும் அன்று. அத்தகைய பட்டம் பெறாத ஆங்கிலேயர் பன்னி ஆஸ்டின் 1997-இல் அங்கே ஏற்கப்பெற்றார். அவர் இருமுறை விம்பிள்டன் இறுதியாட்டம் கண்டவர்; டேவிஸ் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தவர். அவ்வளவில் கிருஷ்ணனின் கணக்கு குறைந்ததே. ஆனால் ஆஸ்டினுக்கு முன்னரே அவர் நாட்டில் வழி இருந்தது. கிருஷ்ணனோ இந்தியர்க்கு வழி சமைத்தவர்.

பட்டங்களை மட்டும் எண்ணினால் கிருஷ்ணனுக்கு இடம் இல்லை. ஆட்டத்தின் எல்லையை விரித்தவர்க்கும் அம்மண்டபம் உரியதெனில், அவருக்கு அங்கே இடம் உண்டு என்பதே நம் தீர்ப்பு.