கார் பேட்டரியில் கை வைக்கும் முன்

போன எபிசோடில் டயர் காற்றழுத்தம் பற்றிப் பேசினோம். இன்னைக்கு பேட்டரி.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் நடந்தால் உறை போட்டு மூடின கார்கள் கண்ணில் படும். பிள்ளைகள் வெளியூரில் இருப்பாங்க, வண்டி மாசக்கணக்கில் நிற்கும். வைகுண்ட ஏகாதசிக்கு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்'னு சத்தம் மட்டும்தான் வரும், செல்ஃப் எடுக்காது. உடனே பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ண இறங்கிடுறோம். அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றித்தான் பேசப்போறேன்.

நிறைய பேர் பயப்படுறது ஷாக்குக்கு. பேட்டரி வெறும் 12 வோல்ட். உலர்ந்த கையில் ஷாக் தெரியாது. "தொட்டாலும் ஒண்ணும் ஆகலையே"ன்னு தைரியம் வந்துடும். ஆபத்து இருக்கிறது தீப்பொறியில்.

உள்ளே ஈயத் தகடுகளும், தண்ணீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கு. சார்ஜ் ஏறும்போது அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பிரிந்து ஹைட்ரஜன் வாயுவா வெளியே வரும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அதுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ஒரு பொறி விழுந்தால் பேட்டரி வெடித்து, அமிலம் முகத்தில் தெறிக்கும். அதனால நான் எப்பவும் சொல்றது: பேட்டரியில் பாதுகாப்புன்னா, பொறி வராமல் பார்ப்பது, வந்தே ஆகணும்னா தள்ளி வர வைப்பது.

இதை மனசில் வெச்சுக்கிட்டா வரிசையை மனப்பாடம் பண்ண வேண்டாம், தானா புரியும்.

பேட்டரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ். ஏன்? பெரும்பாலான கார்களில் வண்டியின் பாடி முழுக்க மைனஸோடு இணைஞ்சிருக்கு. ப்ளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாயும். மைனஸை முதலில் எடுத்துட்டால், அப்புறம் ஸ்பேனர் பட்டாலும் பொறி வராது. மாட்டும்போது ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

கேபிள் போடும்போது, ரெண்டு வண்டியும் ஒண்ணையொண்ணு தொடக்கூடாது, ரெண்டும் ஆஃப்ல இருக்கணும். சிவப்பு கேபிள்: செத்த பேட்டரியின் ப்ளஸ், அப்புறம் நல்ல பேட்டரியின் ப்ளஸ். கறுப்பு: நல்ல பேட்டரியின் மைனஸ். கடைசி முனையை மட்டும் செத்த பேட்டரியில் மாட்டாதீங்க. அந்த வண்டியின் எஞ்சினில், பெயிண்ட் இல்லாத கெட்டியான உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்க. பொறி வர்றது அந்தக் கடைசி இணைப்பில்தான். கழற்றும்போது இதையே தலைகீழா செய்யணும். புது வண்டிகளில் இதுக்குத் தனி இடம் கொடுத்திருப்பாங்க. கையேட்டை ஒருமுறை பாருங்க. பேட்டரி வீங்கியோ விரிசல் விட்டோ இருந்தா இந்த வேலையே வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

கையில் மோதிரம், செப்புக் காப்பு இருந்தா கழற்றி வைங்க. உடம்பில் ஷாக் அடிக்காத அதே 12 வோல்ட், மோதிரம் குறுக்கே மாட்டினால் நொடியில் அதைப் பழுக்கக் காய்ச்சிடும். கண்ணாடி போட்டுக்குங்க. பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது.

நம்ம திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மூடி திறக்கிற வகை பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் குறையும். ஊத்த வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். உள்ளே எட்டிப் பார்க்க லைட்டர் வேண்டவே வேண்டாம், டார்ச் போதும். டெர்மினலில் வெள்ளையா பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் துடைக்கலாம். அது செல்லுக்குள் போகக்கூடாது.

கடைசியா, அமிலம் கண்ணில் பட்டால் கசக்காதீங்க. ஆப்ப சோடா கண்ணுக்கு ஆகாது. காரை எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுறதுக்கு முன்னாடி, இமையைத் திறந்து பிடிச்சு, ஓடுற தண்ணீரில் குறைஞ்சது 15 நிமிஷம் கழுவுங்க. அதுக்கப்புறம் புத்தூர் அரசு மருத்துவமனையோ, பக்கத்தில் இருக்கும் கண் மருத்துவரோ, யாரா இருந்தாலும் சரி, உடனே போங்க. பார்வையைக் காப்பாத்துறது அந்த முதல் சில நிமிஷம்தான். அதனால பானெட்டைத் திறக்கும் முன்னாடியே பக்கத்தில் ரெண்டு குடம் தண்ணீர் எடுத்து வைங்க.

அடுத்த எபிசோடில் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை எங்கே வைக்கலாம்னு பார்ப்போம்.