இலைக்கூரையும் இலையுண்ணிகளும்

காட்டைப் பற்றி எழுதப் புகுந்தவன் வீட்டு விளையிலிருந்து தொடங்குகிறானே என்று நண்பர்கள் எண்ண வேண்டா. காரணம் உண்டு.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே நெடுஞ்சாலையில் இருக்கிறது உதியன்குளங்கரை. அவ்வூர்ப் பக்கத்துப் பழைய விளை ஒன்றை அண்ணாந்து பாருங்கள். உச்சியில் தென்னையும் கமுகும். அவற்றின் கீழே பலா, மா, அயனி. மரத்தைப் பற்றி ஏறும் நல்லமிளகுக் கொடி. அதற்கும் கீழே வாழை. தரையோடு சேம்பும் இஞ்சியும். நெய்யாறு பிறக்கும் அகத்தியமலைக் காட்டில் இயற்கை எழுப்பிய மாடங்களின் சிற்றுருவமன்றோ இது! கிளையும் இலையும் கோத்து நிற்கும் இந்த அடுக்குக் கூரையைத்தான் அறிவியலார் விதானம் என்பர்.

இலையைத் தின்று வாழும் பூச்சிகளுக்கு, எந்த மரம் என்பது மட்டுமல்ல, அம்மரத்தின் எந்த மாடம் என்பதும் பெரிய செய்தி. உச்சி இலை நேர் வெயிலில் காய்கிறது. தடித்து, உரத்து, துவர்ப்பேறி நிற்கிறது. அதே மரத்தின் நிழல் இலையோ மெல்லியது, நீர்ப்பசை மிக்கது. மேலே வெப்பமும் காற்றும். கீழே ஈரமும் அமைதியும். ஒரு மரமே பல நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

தென்னையையே எடுத்துக்கொள்வோம். காண்டாமிருக வண்டு உச்சியில் விரியாத குருத்தைத் துளைக்கிறது. கருந்தலைப் புழு அப்பக்கம் எட்டியும் பாராது. முதிர்ந்த கீழ் ஓலைகளின் அடிப்புறத்தில் நூற்கூடு கட்டிக்கொண்டு பச்சையத்தைச் சுரண்டும். சிவப்புக் கூன்வண்டின் புழுவோ தண்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. மரம் ஒன்று, குடிகள் மூன்று, ஒருவர் வீட்டில் மற்றவர் நுழைவதில்லை. நல்லமிளகு மணிகளைப் பொள்ளாக்கும் சிறுவண்டு நிழல் அடர்ந்த இடத்தில்தான் மிகுதியாகப் பெருகுகிறது. அதனால்தான் கொடி படரும் மரத்தின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடச் சொல்கிறார்கள். விதானத்தைத் திருத்தினால் பூச்சியின் தொகை மாறும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேறு வேண்டுமா?

செடியின் கட்டமைப்பே பூச்சியினங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு கொள்கிறது என்பதை 1983இல் ஆங்கில அறிஞர் ஜான் லாட்டன் விரிவாக எழுதினார். புல்பூண்டைவிடப் புதரிலும், புதரைவிட மரத்திலும் இனங்கள் மிகுதி. மரத்தின் பருமன் ஒரு காரணம். மொட்டு, தளிர், முற்றிலை, பட்டை, காய்ந்த கொம்பு என்று தங்குமிடங்கள் பலவாக இருப்பது மற்றொரு காரணம்.

ஆனால் நெடுமரத்தின் உச்சியை எட்டிப் பார்ப்பது எப்படி? அமெரிக்கரான டெரி எர்வின் பனாமாக் காட்டில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் முடியில் மருந்துப் புகையைச் செலுத்தினார். கீழே விழுந்தவற்றுள் வண்டினங்கள் மட்டும் ஏறத்தாழ 1,200! அதைக்கொண்டு, உலகின் வெப்பமண்டலக் கணுக்காலி இனங்கள் 3 கோடி இருக்கலாம் என்று 1982இல் கணித்தார். பல பூச்சிகள் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களைத் தின்பவை என்று நியூகினியில் பின்னர் நடந்த ஆய்வு காட்டியதால், அத்தொகை வெகுவாகக் குறைக்கப்பட்டது. கணக்கு குறைந்தாலும், அவர் திறந்துவிட்ட வாயில் மூடவில்லை. 1990இல் அதே பனாமாவில், கட்டட வேலைக்குரிய கிரேன் ஒன்றைக் காட்டினுள் நிறுத்தி, அதில் தொங்கும் கூண்டிலிருந்து உச்சி இலைகளை ஆராயத் தொடங்கினர்.

அடுக்குகளை அழித்து ஒரே மட்டமாக்கினால் நேர்வது என்ன? நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களைக் கேளுங்கள். ஒரே இனம், ஒரே வயது, ஒரே உயரம். தளிரும் ஒரே காலத்தில். தேக்கிலைப் புழு படையாக வந்து சில நாட்களில் மரங்களை மொட்டையாக்கிவிடுகிறது. இப்புழுவினால் இளந்தேக்கு தன் வளர்ச்சியில் 44 விழுக்காட்டை இழக்கிறது என்று பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் கண்டது. அங்கே இலையுண்ணிகளுக்குப் பஞ்சமில்லை, வகைகளுக்குத்தான் பஞ்சம்.

நம் பக்கத்திலோ தேக்கைவிட ரப்பர் மிகுதி. அமேசானிலிருந்து வந்த அம்மரத்தின் பாலுக்கு அஞ்சி இங்குள்ள பூச்சிகள் பெரும்பாலும் அதை நெருங்குவதில்லை. எனவே குற்றம் முழுவதையும் மட்டமான கூரையின் மேல் சுமத்துவது நியாயமன்று. எனினும், குளிர்காலத்தில் தோட்டம் முழுவதும் ஒருங்கே இலையுதிர்க்கும்போது தின்பதற்கு எந்த மாடத்திலும் எதுவும் இல்லை. விளையிலோ மாவு தளிர்க்காத நாளில் பலா தளிர்க்கும். புழுவை நம்பிக் குஞ்சு வளர்க்கும் குருவிக்கு இந்த வேற்றுமை உயிர்ப்பிரச்சினை.

விளைகள் ரப்பருக்கும் மனைக்கட்டுக்கும் இடம்விட்டு வருகின்றன. எஞ்சிய ஒரு பலாவின் கீழ்க்கொம்பில் என்ன வாழ்கிறது, மேற்கொம்பில் என்ன வாழ்கிறது என்று எண்ணுவதற்குப் புகையும் கிரேனும் தேவையில்லை. ஓர் ஏணி, ஒரு வெள்ளை வேட்டி, ஒரு கோல் போதும். வேட்டியைக் கீழே விரித்துக் கிளையைத் தட்டி, விழுவதை உயரம் வாரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். முசுறுக் கூடு உள்ள கிளையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்வது நலம்.