நரம்பணுவின் மணியார்டர்

சர்க்கரை வியாதியால் பாதங்களில் உணர்ச்சி குன்றிப்போன தம் தந்தையாருக்கு, நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தை ஊசி வழியே செலுத்தினால் நரம்புகள் மீண்டும் தழைக்குமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய கவலை நியாயமானது. அந்த நம்பிக்கையை ஊட்டும் விளம்பரங்கள் நியாயமானவை அல்ல. ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்ற பெரும் பரிசோதனையின் முடிவு 2000-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது: பயன் நிரூபணமாகவில்லை, ஊசி குத்திய இடத்தில் வலிதான் மிகுந்தது. இப்புரதம் கூடுதலாகக் கிடைத்தால் நரம்பு கூடுதலாக வளரும் என்று எண்ணுவதே பிழை. கருவிலும் பிறப்பையொட்டிய நாட்களிலும், இதயம், வியர்வைச் சுரப்பி போன்றவற்றை ஏவும் பரிவு நரம்பணுக்களுள் எது வாழ்வது, எது மாய்வது என்று தீர்ப்பதே இதன் பிரதான காரியம்.

சரித்திரம் பலமுறை சொல்லப்பட்டது, ஆகவே சுருக்கிவிடுகிறேன். முஸ்ஸோலினியின் 1938-ஆம் ஆண்டு இனச் சட்டங்களால் பதவி இழந்து, டூரின் நகரத்தில் தம் படுக்கையறையிலேயே கோழிக் கருக்களை ஆராய்ந்த ரீட்டா லெவி-மோந்தால்சீனி, 1947-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிக்குச் சென்றார். அங்கே ஸ்டான்லி கோஹனுடன் சேர்ந்து எலிக் கட்டியிலும், பாம்பு விஷத்திலும், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இப்புரதத்தைக் கண்டார். அதை முறிக்கும் எதிர்ப்பொருளைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது பரிவு நரம்பணுக்களில் பெரும்பாலானவை அழிந்தன என்பது 1960-இல் வெளியாயிற்று. நோபெல் பரிசு 1986-இல் வந்தது.

என் மனத்தைக் கவர்வது அதற்குப் பின் தெளிவான செய்தி. முதுகெலும்பின் இருமருங்கிலும் முடிச்சு முடிச்சாகக் கிடக்கும் பரிவு நரம்பணுக்கள், இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் வியர்வைச் சுரப்பிகளையும் நாடித் தத்தம் இழைகளை நெடுந்தூரம் அனுப்புகின்றன. இழையின் நுனியைப் பிழைப்புத் தேடிப் பட்டணம் போன பிள்ளை என்றும், அணுவின் உடலை அவன் பிறந்த வீடு என்றும் வைத்துக்கொள்வோம். வழியில் இரத்தக் குழாய்கள் நியூரோடிராபின்-3 என்னும் மற்றொரு காரணியை அளிக்கின்றன. அது சத்திரத்துச் சோறு. உண்டு மேலே நடக்கலாம், வீட்டுக்கு அனுப்ப முடியாது. போய்ச் சேர்ந்த அவயவம் சொற்ப அளவில் சுரக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணியோ சம்பாத்தியம். நுனியிலுள்ள டிர்க்-ஏ என்னும் ஏற்பி அதைப் பற்றிக்கொண்டதும், அவ்விடத்துச் சவ்வு உட்குழிந்து நுண்ணிய பையாகிறது. பற்றிய கையையும் பற்றப்பட்ட பொருளையும் ஒருங்கே சுமந்த அந்தப் பையை, டைனீன் என்னும் புரதம் இழையின் உள்ளே ஓடும் நுண்குழல்களின் மேல் இழுத்துக்கொண்டு, மணிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் வீடு நோக்கி நடக்கிறது. தபாற்காரர் பணத்தோடு வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறார். அவர் வந்த பிறகே உட்கரு வாழ்வுக்குரிய ஜீன்களை இயக்குகிறது. மணியார்டர் வராத வீடு தன்னைத்தானே மூடிக்கொள்கிறது. அந்த அணு மடிகிறது.

நியூரோடிராபின்-3-உம் இதே ஏற்பியைத்தான் பற்றுகிறது; ஆயினும் வீட்டுக்குப் பயணப்படும் பை அதனால் உருவாவதில்லை என்பது என்னை மிகவும் வியக்கவைக்கிறது. மேலும், முதல் மணியார்டர் வந்து சேர்ந்ததும் வீடு பி-75 என்னும் வேறோர் ஏற்பியை மிகுதியாக ஆக்குகிறது. அதன் விளைவாக நுனிக்குச் சத்திரத்துச் சோற்றில் ருசி குன்றிவிடுகிறது. இனிச் சம்பாத்தியமே கதி. பணம் வந்த வீடு அத்துடன் நிற்பதில்லை. மேலும் மேலும் ஏற்பிகளைச் செய்து மேலும் மேலும் பெறுவதோடு, அண்டை வீடுகளின் பி-75-ஐத் தூண்டி மடியச் செய்யும் பொருள்களையும் வெளிவிடுகிறது. எலிகளிலே 2008-இல் விவரிக்கப்பட்ட இப்போட்டி கொடூரமாகத் தோன்றலாம். ஆயினும் எந்த அவயவத்துக்கு எத்தனை நரம்பு வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கெழுதி வைக்காமல், தேவைக்கு மேல் பிறப்பித்து, அவயவம் தரும் அளவுக்கு மட்டும் மிஞ்சவிடும் இம்முறையைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் அறியேன்.

1977-இல் ராபர்ட் காம்பெனோ என்பவர், அணுக்களின் உடல்கள் ஓர் அறையிலும் இழை நுனிகள் வேறோர் அறையிலும் இருக்குமாறு தட்டில் பிரித்து வளர்த்து, நுனிகள் இருந்த அறையில் மாத்திரம் காரணியை வைத்தார், அணுக்கள் பிழைத்தன. காரணி நுனியில் கிடைத்தாலே போதும் என்பது விளங்கிற்று. உடல் முழுவதும் பரவுமாறு ஊசியில் செலுத்தும் மருந்து இந்த இட நியமத்தைக் கவனிப்பதில்லை. வளர்ந்த மனிதரிடத்தில் அதே காரணி வலி நரம்புகளை உசுப்பவும் செய்கிறது. இவ்விரண்டையும் சொல்லாமல் விற்பவரிடம் காசு கொடுக்கவேண்டாம்.

மனிதரிடத்திலும் பரிவு நரம்பணுக்கள் இக்காரணியை நம்பியே வாழ்கின்றன என்பதற்குச் சாட்சியம் உண்டு. டிர்க்-ஏ ஏற்பியின் ஜீன் பழுதாய்ப் பிறக்கும் அபூர்வமான குழந்தைகளைப் பற்றி ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1996-இல் அறிவித்தார்கள். அக்குழந்தைகளுக்கு வலி தெரிவதில்லை, வியர்ப்பதுமில்லை, ஆதலால் காரணம் புரியாத காய்ச்சல் அடிக்கடி காண்கிறது. தோலை எடுத்துச் சோதித்தால் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றை ஏவவேண்டிய பரிவு நரம்பிழைகள் இல்லை.