சிட்னியா, மெல்பர்னா, அடிலெய்டா: ஆஸ்திரேலியாவில் எந்த ஊர்ல குடியேறுறது?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்டுகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "அக்கா, ஆஸ்திரேலியாவுல எந்த ஊரு நல்ல ஊரு?" இது எந்த ஓட்டல்ல சாப்பாடு நல்லா இருக்கும்னு கேக்குற மாதிரி. பசி யாருக்கு, கையில எவ்வளவு இருக்கு, கூட குழந்தை இருக்கா, இதெல்லாம் தெரியாம பதில் சொன்னா அது சும்மா விளம்பரம். நான் அடிலெய்டுல நாலு வருஷம் இருந்துட்டு இப்போ மெல்பர்ன் மேற்குப் பக்கம் இருக்கேன். ரெண்டு ஊர் வாடகையும் ரெண்டு ஊர் குளிரும் பார்த்தாச்சு. அதை வச்சுப் பேசுறேன்.

முதல்ல ஒரு விஷயம். ஊரை நாம தேர்ந்தெடுக்கிறோம்னு நினைக்கிறோம். பல பேருக்கு விசாதான் ஊரைத் தேர்ந்தெடுக்குது. ஸ்கில்டு விசால மூணு வகை முக்கியம். 189 கிடைச்சா நாட்டுல எங்க வேணும்னாலும் இருக்கலாம். 190ங்கிறது ஒரு மாநில அரசு உங்களை நாமினேட் பண்றது. அதுக்கு 5 பாயின்ட் கூடுதல். இந்த ரெண்டும் நிரந்தரக் குடியுரிமை விசா, அதாவது பி.ஆர். மூணாவது 491. அது 5 வருஷத் தற்காலிக விசா. 15 பாயின்ட் கூடுதலா தருவாங்க, ஆனா 'ரீஜினல்' பகுதியிலதான் வசிக்கணும், வேலை பாக்கணும், படிக்கணும். விண்ணப்பிக்கக் குறைந்தபட்சம் 65 பாயின்ட் வேணும். ஆனா 65ஐ வச்சுக்கிட்டு 189க்குக் காத்திருக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் அழைப்பே வராது, போட்டி அவ்வளவு. அதனாலதான் அந்த 15 பாயின்ட் பெரிய விஷயம்.

ரீஜினல்னு கேட்டதும் செம்மண் காடு, நடுவுல ஒரு பெட்ரோல் பங்க், ரெண்டு கங்காருன்னு கற்பனை பண்ணிக்காதீங்க. 2019 நவம்பர் முதல் இருக்கிற கணக்குப்படி சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூணைத் தவிர மத்த எல்லாமே ரீஜினல்தான். 20 லட்சம் பேருக்கு மேல இருக்கிற பெர்த் ரீஜினல். அடிலெய்டு ரீஜினல். தலைநகர் கான்பெராவும் ரீஜினல். கோல்டு கோஸ்ட், நியூகாசில், வொலங்காங், ஜீலாங், ஹோபார்ட் எல்லாம் அந்தப் பட்டியல்லதான் வருது. சட்டம் ரீஜினல்னு சொல்ற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி, யுனிவர்சிட்டி, விமான நிலையம், இடியாப்ப மாவு விக்கிற கடை எல்லாம் இருக்கும்.

இங்க ஒரு நிஜமான கேஸ் சொல்றேன். கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பின வாய்ஸ் நோட். பேரு சொல்ல வேண்டாம். அவங்க அக்கவுன்டன்ட், வயசு 32. கணவர் சாஃப்ட்வேர் டெஸ்டர். தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் அவங்களை 491க்கு நாமினேட் பண்ணி அழைப்பும் வந்தாச்சு. ஆனா கணவரோட அக்கா சிட்னி துங்காபில இருக்காங்க. "அவசரப்படாத, ஒரு வருஷம் பொறு, 190 வாங்கிட்டு எங்க பக்கத்துலயே வந்துரு. புள்ள பொறந்தா யாரு பாத்துப்பா?"ன்னு அவங்க சொல்றாங்க. தங்கச்சி கேட்டது: "அக்கா, நாத்தனார் சொல்றதும் நியாயமாத்தானே இருக்கு?"

நியாயம்தான். துங்காபி, வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், வெஸ்ட்மீட் பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 1983க்கு அப்புறம் வந்த ஈழத் தமிழர்கள் அங்கே கோயில், வார இறுதித் தமிழ்ப் பள்ளி, கடைன்னு கட்டியெழுப்பி வச்சிருக்காங்க. பின்னால வந்த நாமெல்லாம் அந்த நிழல்லதான் நிக்கிறோம். மே'ஸ் ஹில்ல முருகன் கோயில் இருக்கு. நியூ சவுத் வேல்ஸ்ல பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வான எச்.எஸ்.சி.லயே தமிழ் ஒரு பாடம். குழந்தை பிறந்த முதல் மூணு மாசம் ஒரு நாத்தனார் பக்கத்துல இருக்கிறதோட மதிப்பை டாலர்ல சொல்லவே முடியாது.

ஆனா காத்திருக்கிறதுக்கும் ஒரு விலை இருக்கு. அதை யாரும் அவங்ககிட்ட சொல்லலை. 25லருந்து 32 வயசு வரைக்கும் 30 பாயின்ட். 33 ஆனா 25தான். அழைப்பு வர்ற அன்னைக்கு என்ன வயசோ அதுதான் கணக்கு. ஒரு வருஷம் பொறுத்தா 190 தர்ற 5 பாயின்ட்டை ஒரு கையில வாங்கி, பிறந்தநாள் கேக் வெட்டும்போது இன்னொரு கையில திருப்பிக் கொடுத்துடுவாங்க. அதோட, வந்த அழைப்புக்கு ஆயுசு 60 நாள்தான். அதுக்குள்ள விண்ணப்பிக்கலைன்னா அது போயிடும். அடுத்த வருஷம் அந்த மாநிலம் அக்கவுன்டன்ட் வேணும்னு கேக்குமாங்கிறதுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வேலைப் பட்டியல் வருஷா வருஷம் மாறும்.

"491 தற்காலிகம்தானே, பின்தங்கிட மாட்டோமா?"ன்னு அடுத்து கேட்டாங்க. இதைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. 491ல 3 வருஷம் இருந்து, நிபந்தனையை மீறாம, 3 வருஷத்துக்கான வருமான வரி நோட்டீஸைக் காட்டினா 191ங்கிற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியப் பிரஜை ஆகுறதுக்கு 4 வருஷம் முறையான விசால இங்க இருந்திருக்கணும், அதுல கடைசி 12 மாசம் பி.ஆர். ஆக இருக்கணும். அந்த 4 வருஷத்துல 491ல இருந்த காலமும் சேரும். 189ல வந்து இறங்கினவருக்கும் அதே 4 வருஷம்தான். 191 கைக்கு வர ஆகுற மாதங்களைக் கூட்டிக்கிட்டா வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டுலயே உக்காந்து காத்திருக்கிற ஒரு வருஷம் எந்தக் கணக்குலயும் சேராது.

அதனால அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்னது: அடிலெய்டுக்குப் போங்க. நாத்தனாரைப் பார்க்க லீவு நாள்ல சிட்னி போறதை எந்த விசாவும் தடுக்கலை. குடியிருக்கிறதும் வேலை பாக்குறதும் படிக்கிறதும்தான் கூடாது. சட்ட நிபந்தனை 'ஏதாவது ஒரு ரீஜினல் பகுதி'ன்னுதான் இருக்கு. வொலங்காங் சிட்னிலருந்து சுமார் 80 கிலோமீட்டர், அதுவும் ரீஜினல். 'அப்போ நேரா அங்கேயே இறங்கிடலாமே'ன்னு சில பேர் ஐடியா கொடுப்பாங்க. எனக்கு அது பிடிக்கலை. நாமினேட் பண்ணின மாநிலத்துக்கு வந்து இருப்போம்னு சொல்லித்தானே இடம் வாங்கினோம்? ஒரு மாநிலம் கை கொடுத்து அழைக்கும்போது விமான நிலையத்துலயே கையை உதறிட்டுப் போறது நமக்குப் பின்னால வர்றவங்க வாய்ப்பையும் கெடுக்கும்.

கணவரோட வேலைதான் இதுல உண்மையான சிக்கல். ஐ.டி., வங்கி, கன்சல்டிங் வேலைகள்ல பெரும்பகுதி சிட்னியிலும் மெல்பர்னிலும் குவிஞ்சு கிடக்கு. அடிலெய்டு சின்ன சந்தை; 14 லட்சம் பேர் ஊர். முன்னாடி கார் தயாரிச்ச ஊர், ஹோல்டன் ஆலை 2017ல மூடினாங்க. இப்போ பாதுகாப்புத் துறை, கப்பல் கட்டுறது, ஆஸ்பத்திரி, யுனிவர்சிட்டி இதெல்லாம்தான் பலம். பாதுகாப்புத் துறை வேலைக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ் கேப்பாங்க, அதுக்குப் பிரஜையா இருக்கணும். கான்பெராவுலயும் இதே கதைதான். மத்திய அரசு வேலை கொட்டிக் கிடக்குற மாதிரி தெரியும், கிட்டப் போனா 'சிட்டிசன் மட்டும்'னு எழுதியிருக்கும். அதனால அவர் கிளம்புறதுக்கு முன்னாடியே ஒண்ணு பண்ணணும். சீக் மாதிரி வேலைத் தளத்துல தன் வேலைப் பேரைப் போட்டு, ஊரை அடிலெய்டுன்னு வச்சு, நாலு வாரம் தொடர்ந்து பாக்கணும். எத்தனை விளம்பரம் புதுசா வருது, எத்தனைல பிரஜை மட்டும்னு போட்டிருக்கு, கணக்கு எழுதி வைக்கணும். யூடியூப் வீடியோ நாப்பது பாக்குறதைவிட அந்த ஒரு தாள் உபயோகம்.

வேற தொழில்ல இருக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு. நர்ஸுக்கான பதிவு நாடு முழுசுக்கும் ஒண்ணுதான். ஊர் மாத்தினாலும் செல்லும். பள்ளி ஆசிரியர் பதிவும் எலக்ட்ரீஷியன் லைசென்ஸும் மாநிலத்துக்கு மாநிலம் தனி. நீங்க அந்த மாதிரி தொழில்னா ஊரை முடிவு பண்ணிட்டுப் பேப்பர் வேலையை ஆரம்பிங்க.

இப்போ வாடகை. இங்க வாடகை வாரக் கணக்கு. 600னு போட்டிருந்தா அது வாரத்துக்கு. அதை நாலால பெருக்கி 2,400னு மனசுல வச்சுக்காதீங்க. வருஷத்துக்கு 52 வாரம், அப்படிப் பாத்தா மாசம் 2,600 டாலர். உள்ளே நுழையும்போது பொதுவா நாலு வார வாடகை பாண்ட், ரெண்டு வாரம் முன்பணம். 600 டாலர் வீட்டுக்கு முதல் நாளே 3,600 எடுத்து வைக்கணும். அதுக்கு மேல, வீட்டு ஏஜென்ட் உங்க சம்பளச் சீட்டும் பழைய வீட்டு ஓனர் சிபாரிசும் கேப்பார். புதுசா வந்தவங்ககிட்ட ரெண்டும் இருக்காது. அதனாலதான் நம்ம ஆளுங்க முதல் ரெண்டு மூணு மாசம் இன்னொரு தமிழ்க் குடும்பத்து வீட்டுல ஒரு ரூம் எடுத்துத் தங்குறது. வெக்கப்பட எதுவும் இல்லை, அது ஊர் வழக்கம். வாடகை எங்கேயும் லேசு இல்லை. சிட்னி அதுல முதலிடம், அதுல யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

மெல்பர்ன் பத்தி ஒண்ணு சொல்லணும். "மெல்பர்ன்ல இருக்கேன்"னு சொன்னா எதுவும் சொன்ன மாதிரி இல்லை. வெரிபி, டார்னீட், பாயின்ட் குக் ஒரு பக்கம். டாண்டினாங், கிளேட்டன், கிளென் வேவர்லி இன்னொரு பக்கம். எங்க வீட்டுல இருந்து கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். மேற்குல வீடு வாங்கிட்டு தென்கிழக்குல வேலை பாக்குறவங்க தினமும் பாலத்து மேல நின்னே வாழ்க்கையைக் கழிக்கிறாங்க. பெரிய ஊருக்குப் போறீங்கன்னா ஊரை இல்லை, ரயில் லைனைத் தேர்ந்தெடுங்க.

பெர்த்தை நம்ம ஆளுங்க அதிகமாக் கவனிக்கிறதில்லை. சுரங்கம், எரிவாயு, அதைச் சுத்தின இன்ஜினீயரிங் வேலைதான் அதோட உயிர். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் ஆளுங்க கட்டாயம் பாக்கணும். ஆனா சில வேலைல ரெண்டு வாரம் சுரங்கத்துல தங்கி, ஒரு வாரம் வீட்டுக்கு விமானத்துல வர்ற மாதிரி இருக்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது கஷ்டம். நல்ல விஷயம் நேரம். சென்னையைவிட ரெண்டரை மணி நேரம்தான் முன்னால. அம்மா சாயங்காலம் அஞ்சரைக்குக் காபி போடும்போது பெர்த்ல ராத்திரி எட்டு, நிதானமாப் பேசலாம். சிட்னி, மெல்பர்ன்ல கோடையில அஞ்சரை மணி நேர வித்தியாசம். சிங்கப்பூர் வழியா அப்பா அம்மா வர்றதுக்கும் பெர்த் ஈசி. சிங்கப்பூர்லருந்து சுமார் 5 மணி நேரம், சிட்னிக்கு 8 மணி நேரம் கிட்ட.

பிரிஸ்பேன் வெயிலும் புழுக்கமும் சென்னைக்காரங்களுக்குப் பழகினதுதான். 2032 ஒலிம்பிக் அங்கதான், கட்டுமான வேலை இருக்கும். 2011, 2022 வெள்ளம் ரெண்டும் எந்தத் தெருவுல ஏறுச்சுன்னு பாக்காம வீடு எடுக்காதீங்க. அடிலெய்டு வெயில் வேற ரகம், காய்ச்சி எடுக்கும். 2019 ஜனவரில 46.6 டிகிரி. ஆனா ஜூலைல வீட்டுக்குள்ளயே ஸ்வெட்டர் போட்டு உக்காருவீங்க. இங்க பழைய வீடுகள் குளிரைத் தடுக்கிற மாதிரி கட்டினது இல்லை. வீடு பாக்கும்போது ஹீட்டர் எந்த ரூம்ல இருக்குன்னு கேளுங்க.

விசா விதிகள் மாறிக்கிட்டே இருக்கும். நான் சொன்னதை உள்துறை வெப்சைட்ல ஒருமுறை சரிபாருங்க. ஏஜென்ட் வச்சா அவரோட ஏழு இலக்கப் பதிவு எண்ணைக் கேளுங்க. தயங்கினா அங்கேயே எழுந்து வந்துடுங்க.

அந்தத் தங்கச்சி நேத்து மெசேஜ் போட்டாங்க. 60 நாள்ல இன்னும் 23 நாள் பாக்கி, கணவர் வேலை விளம்பரம் எண்ண ஆரம்பிச்சிட்டாராம். நாத்தனார்கிட்ட இன்னும் பேசலை. அதுக்கு எப்படிப் பேசுறதுன்னு ஒரு எபிசோட் போடச் சொல்றாங்க.